விகடராமன் குதிரைக்கு யார் படம் போடுவது?

திருவண்ணாமலைக் கோயிலுக்கு வருகிறவர்கள் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போகிற வேகத்தில் ஒரு கிளியைத் தவறவிட்டுவிடுகிறார்கள். உள்ளே கிளி கோபுரத்தில் இருக்கிறது அந்தக் கிளி. அது அருணகிரிநாதர் என்பது ஊர்க்கதை. பாரிஜாத மலர் கொண்டுவருவதற்காக அவர் தன் உடலை விட்டுக் கிளியின் உடலுக்குள் புகுந்து போனாராம். அவர்மேல் பொறாமை கொண்ட சம்பந்தாண்டான் அந்த நேரம் பார்த்து உடலை எரித்துவிட்டானாம். திரும்பி வந்தவருக்குக் கிளி உடம்புதான் மிச்சம்.

அதே சம்பந்தாண்டான் என்ற பெயர் இன்னொரு கதையிலும் வருகிறது. இது சிரிப்புக் கதை. திருவண்ணாமலையில் தலையைச் சவரத்துக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்த சம்பந்தாண்டானைப் பார்த்து, காளமேகப் புலவர் அந்தச் சவரம் எதற்கு என்று ஒரு வெண்பாவிலேயே காரணம் சொல்லிவிட்டுப் போனாராம். பெண்கள் குடுமியைப் பிடித்து இழுத்துக் குட்டக் கூடாதே என்பதற்காகத்தானாம்! இவை இரண்டும் கதைகள். வரலாறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஊர் ஒரே ஆளை வைத்து ஒரு பக்கம் பறவைக் கதையும் இன்னொரு பக்கம் கேலிப் பாட்டும் வளர்த்து வைத்திருக்கிறது பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் குறிப்பு இரண்டும் சேர்கிற இடத்தைப் பற்றியது. விலங்கு, கேலி, பாட்டு. அதோடு குழந்தைக்கு வேண்டிய நாலாவது சங்கதி, படம். தமிழில் முதல் மூன்றும் எப்போதோ ஒன்று சேர்ந்துவிட்டன. நாலாவது ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதுதான் என் கேள்வி.

மாதம் ஒரு காதம்

காளமேகம் 15ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய தனிப்பாடல்களில் விலங்குகள் நிறைய. ஆனால் பெரும்பாலும் சிலேடைக்காக வந்தவை. யானையும் வைக்கோலும் ஒன்று என்பார். நாயும் தேங்காயும் ஒன்று என்பார். மீனும் பேனும் ஒன்று என்பார். எப்படி ஒன்றாகும்? யானை–வைக்கோல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 'களம்' என்றால் போர்க்களம், நெற்களமும்தான். 'போர்' என்றால் சண்டை, வைக்கோல் போரும்தான். யானை போரில் சிறப்பாக இருக்கும், வைக்கோலும் போரில் சிறப்பாக இருக்கும். கதை முடிந்தது. புரிந்தவுடன் ஒரு புன்சிரிப்பு வரும். ஆனால் அது பெரியவர்களின் சிரிப்பு. சொல்லுக்கு இரண்டு பொருள் தெரிந்திருக்க வேண்டும். நெற்களத்தையே பார்த்திராத இன்றைய குழந்தைக்கு அகராதி வேண்டும், அகராதி வந்த இடத்தில் சிரிப்பு நிற்காது.

அவருடைய குதிரைப் பாட்டு அப்படி அல்ல. விகடராமன் என்பவருடைய குதிரை. முன்னால் மூன்று பேர் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கணும், பின்னால் இரண்டு பேர் தள்ளணும். அப்படியும் மாதத்துக்கு ஒரு காதம்தான் போகும். காதம் என்றால் பழைய கணக்கில் சுமார் பத்து மைல். அவ்வளவுதான் பாட்டு. சிலேடை கிடையாது, புராணம் கிடையாது. வேகத்துக்குப் பேர்போன ஒரு பிராணி நகர மாட்டேன் என்கிறது, ஐந்து ஆம்பளைகள் வியர்க்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, ஐந்து வயசுக்காரி கேட்டாள்: "அப்போ குதிரை மேல யாராவது உக்காந்திருந்தாங்களா?" நல்ல கேள்வி இல்லையா? இழுப்பவர்கள் மூன்று, தள்ளுபவர்கள் இரண்டு, மேலே விகடராமன் கம்பீரமாக. குழந்தை மனசுக்குள் படம் வரைய ஆரம்பித்துவிட்டது.

தமிழ்க் கவிதையில் விலங்கை உற்றுப் பார்க்கிற பழக்கம் இதற்கும் மிகப் பழையது. ஐங்குறுநூற்றில் குரங்குக்குப் பத்துப் பாட்டு, எருமைக்குப் பத்து, நண்டுக்குப் பத்து, காட்டுப் பன்றிக்குப் பத்து, கிளிக்குப் பத்து, மயிலுக்குப் பத்து என்று தனித்தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே விலங்கு காதலர்களின் கதைக்குள் வந்து போகிறது. ஆனால் வந்து போகிற நேரத்தில் அது தன் வேலையைத்தான் செய்கிறது. நண்டு ஆம்பலை அறுக்கிறது, எருமை நெற்கதிரை மேய்கிறது. யாருக்கும் புத்தி சொல்வதில்லை.

விலங்குகள் வாத்தியார் ஆன கதை

குழந்தைக்கென்று தமிழில் எழுதத் தொடங்கியபோது நிலைமை மாறியது. திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலில் படித்தது ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும். குழந்தைப் பாட்டு என்றாலே நீதி என்கிற எதிர்பார்ப்பு அங்கிருந்து வந்தது. அச்சிட்ட பள்ளிப் பாடநூல்கள் அதை மேலும் இறுக்கின. எறும்பு வந்தால் சுறுசுறுப்பைச் சொல்லித் தரணும். காக்கை வந்தால் பகிர்ந்து உண்ணச் சொல்லணும். நாய் என்றால் நன்றி, நரி என்றால் எச்சரிக்கை. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பாடவேளை ஒதுக்கிக் கொடுத்தாகிவிட்டது.

1915இல் பாரதியின் பாப்பா பாட்டு வந்தது. அதில் குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு எல்லாம் உண்டு. பாரதி செய்த பெரிய மாற்றம், விலங்கைத் தோழனாக்கியது. அவற்றிடம் இரக்கம் காட்டச் சொல்கிறார், சேர்ந்து விளையாடச் சொல்கிறார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாட்டுகளில் அந்தப் பரிவு இன்னும் மென்மையாகிறது. 1938இல் வெளியான 'மலரும் மாலையும்' தொகுப்பைப் புரட்டினால் குழந்தையின் பார்வை உயரத்துக்கு அவர் குனிந்து நிற்பது தெரியும்.

இரண்டு பேரும் குழந்தையை மதித்தவர்கள். ஆனால் விழுந்து விழுந்து சிரிப்பது இன்னும் வரவில்லை. இரக்கம் ஒரு வாசல், சிரிப்பு இன்னொரு வாசல். முதல் வாசல்தான் அப்போது திறந்திருந்தது.

இரண்டாவதைத் தள்ளித் திறந்தவர்களில் முன்னால் நிற்பவர் அழ. வள்ளியப்பா. 1922இல் புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்தவர். சென்னையில் 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் காசாளராகச் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 1941இல் இந்தியன் வங்கியில் வேலை. 1944இல் 'மலரும் உள்ளம்', 23 பாட்டுகள் கொண்ட சின்னப் புத்தகம். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். பகலில் வங்கிக் கணக்கு, மற்ற நேரம் குழந்தைப் பாட்டு என்று ஓடிய வாழ்க்கை, 1989இல் அவர் மறையும் வரை.

வள்ளியப்பா எல்லாப் பாட்டிலும் நீதியை விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஈசாப் கதைகளைப் பாட்டாக்கியவரே அவர்தான், ஈசாப்பில் நீதி இல்லாமல் எப்படி? ஆனால் அவருடைய நல்ல பாட்டுகளில் விலங்கு வருகிறது, ஏதோ கோமாளித்தனம் நடக்கிறது, ஓசை ஒரு சுற்றுச் சுற்றுகிறது, முடிகிறது. 'ஆகவே குழந்தைகளே' என்று கடைசியில் ஒரு விரல் நீள்வதில்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அந்த விரலை மடக்கிக்கொள்ள ஒரு கவிஞருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது, பாட்டைப் பாடநூலில் சேர்க்கச் சொல்லி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

நாய் மியாவ் என்றால் என்ன ஆகும்?

"வெறும் சிரிப்புப் பாட்டால் குழந்தைக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்கள் இங்கே மட்டும் இல்லை. ரஷ்யாவில் கர்னேய் சுகோவ்ஸ்கி என்பவர் நகரத் தெருவில் முதலை நடந்து வருகிற மாதிரி ஒரு நீண்ட பாட்டு எழுதினார். குழந்தைகள் அதை மனப்பாடம் செய்துகொண்டு திரிந்தார்கள். 1928இல் லெனினின் மனைவி க்ரூப்ஸ்கயா அதைக் கண்டித்து 'பிராவ்தா' பத்திரிகையில் எழுதினார். முதலையைப் பற்றி உண்மையான தகவல் எதுவும் குழந்தைக்குக் கிடைக்கவில்லையே என்பது அவர் வருத்தம். கட்சிப் பத்திரிகை, அதுவும் லெனின் மனைவி! அதன் பிறகு சுகோவ்ஸ்கி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் தன் கட்சிக்குச் சொன்ன பதில் 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய இரண்டு வயது மகள் ஒருநாள் வந்து, நாய் 'மியாவ்' என்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். அவளுக்கு உண்மை தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அதைத் தலைகீழாக்கி விளையாட முடிந்தது. நாய் குரைக்கும் என்று உறுதியாகத் தெரியாத குழந்தைக்கு 'மியாவ்' என்கிற நாய் வேடிக்கையே இல்லை. ஆகவே அபத்தப் பாட்டு குழந்தையின் அறிவைக் குழப்புவதில்லை. 'எனக்கு இது கைவந்துவிட்டது' என்று குழந்தை கொண்டாடும் இடம் அது.

இந்த வாதம் சரி என்றே நினைக்கிறேன். தமிழில் அதற்கு வேண்டிய அஸ்திவாரமும் இருந்தது. பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளாகப் படங்களோடு வந்தது. யானை என்ன தின்னும், முதலை எத்தனை முட்டையிடும் என்பதற்கெல்லாம் அது இருக்கிறது. அங்கே நிஜ யானையைத் தெரிந்துகொண்ட குழந்தைக்குத்தான் பாட்டில் பறக்கிற யானை வேண்டும். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பதில்லை.

கிளி வரைந்தவரும் அச்சகத்துப் பிள்ளையும்

இப்போது படத்துக்கு வருவோம். விலங்குச் சிரிப்புப் பாட்டில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய இரண்டு பேரைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது.

ஒருவர் எட்வர்ட் லியர். 1812இல் லண்டனில் பிறந்தவர். அவர் முதலில் கவிஞர் இல்லை, கிளி ஓவியர். இருபது வயதுக்குள்ளேயே உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதைப் பார்த்து டார்பி பிரபு தன் மாளிகையில் இருந்த விலங்குக் காட்சிசாலையை வரைய அழைத்தார். பகலில் விலங்குகளைத் துல்லியமாக வரைந்தவர், அந்த வீட்டுக் குழந்தைகளுக்காகக் கோணல்மாணலான படமும் பாட்டும் போட்டுக் காட்டினார். அதுதான் 1846இல் அபத்தப் பாட்டுப் புத்தகமாக வந்தது. இந்த லியர் 1874இல் நம்ம பக்கமும் வந்திருக்கிறார். மாமல்லபுரம், தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றி வரைந்துகொண்டு போனார்.

இன்னொருவர் வங்காளத்தின் சுகுமார் ராய், சத்யஜித் ராயின் அப்பா. அவருடைய 'ஆபோல் தாபோல்' 1923 செப்டம்பர் 19இல் வெளியானது. அவர் இறந்தது அதற்கு ஒன்பது நாள் முன்னால், 35 வயதில். அதில் வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டிக்கொண்டு ஒரே பிராணியாகிவிடும். அந்தப் பிராணியைச் சொல்லால் செய்தவரே கோட்டாலும் வரைந்தார். அவருடைய அப்பா உபேந்திரகிஷோர் அச்சுக்கலை நிபுணர், சொந்த அச்சகம் வைத்திருந்தவர், 1913இல் 'சந்தேஷ்' என்ற குழந்தைப் பத்திரிகையைத் தொடங்கியவர். சுகுமாரும் இங்கிலாந்து போய் அச்சுத் தொழிலைப் படித்துவிட்டு வந்தார்.

ஒற்றுமை புரிகிறதா? இரண்டு பேருக்கும் பாட்டு ஒரு மேசையிலும் படம் இன்னொரு மேசையிலும் பிறக்கவில்லை. பாட்டில் சொல்லாமல் விட்டதைப் படத்தில் சொல்ல முடிந்தது. படத்தில் தெரிவதைப் பாட்டிலிருந்து வெட்ட முடிந்தது.

தமிழில் பெரும்பாலும் அப்படி அமையவில்லை. கவிஞர் ஒரு இடம். ஓவியர் இன்னொரு இடம். நடுவில் பிளாக் செய்கிற கடை. ஈய எழுத்துக் காலத்தில் எழுத்தை அடுக்க ஒரு கூலி என்றால், ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பிளாக் செய்யணும், அதற்குத் தனிச் செலவு. வண்ணம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளாக், ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் மறுபடி இயந்திரத்துக்குள் போகணும். சில அணா விலைக்கு விற்கிற பாட்டுப் புத்தகம் இதைத் தாங்குமா? அதனால் முன்பே செய்து வைத்த பிளாக்கை மறுபடி எடுத்துப் போடுவது சகஜம். பூனைப் பாட்டா, அலமாரியில் இருக்கிற பூனையைப் போடு. பாட்டில் பூனை குடை பிடித்திருக்கும், படத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

படங்களுக்குப் பணம் செலவழித்த இடங்களும் இருந்தன. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் படங்களை மறந்தவர் யார்? விக்கிரமன் தோளில் வேதாளம் தொங்கும் படத்தை வரைந்த சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன் 2020இல்தான் மறைந்தார். 1980களில் 'பூந்தளிர்' வந்தபோது வால் நீளும் குரங்கு கபீஷ் வந்தது. அணில், முயல் என்று பத்திரிகைகளுக்கே விலங்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள், பெரிய படமெல்லாம் கதைக்கும் காமிக்ஸுக்கும் போனது. பாட்டுக்குப் பெரும்பாலும் கிடைத்தது பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் படம். பாட்டு பக்கத்தை நிரப்பும் சரக்கு, கதைதான் பத்திரிகையை விற்கும் சரக்கு என்கிற கணக்கு.

1990களில் சென்னையில் தாரா, துலிகா போன்ற பதிப்பகங்கள் வந்த பிறகுதான் படம் பாதி, எழுத்து பாதி என்கிற புத்தகங்கள் இங்கே ஒரு வழக்கமாகத் தொடங்கின. எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஓவியர் பெயரும் அட்டையில் ஏறியது. அது வெறும் மரியாதை விஷயம் இல்லை. புத்தகத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் எழுதுகிறார்கள் என்று ஒத்துக்கொள்வது.

குதிரையின் முகம்

ஒரு படம் என்ன செய்யும் என்பதற்கு விகடராமன் குதிரையையே எடுத்துக்கொள்கிறேன். பாட்டில் ஆள் கணக்கு இருக்கிறது, தூரக் கணக்கு இருக்கிறது. குதிரையின் முகம் இல்லை. அது கிழடா, சோம்பேறியா? பசியா, பிடிவாதமா? இழுக்கிற மூவரைப் பார்த்து அது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறதா? ஓவியர் அந்த முகத்தை முடிவு செய்தாக வேண்டும். கிழட்டுக் குதிரையாக வரைந்தால் பாட்டு பரிதாபமாகிவிடும். கள்ளச் சிரிப்போடு வரைந்தால் ஐந்து பெரியவர்களை ஒரு பிராணி ஏமாற்றுகிற கதையாகிவிடும். குழந்தைக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சொல் ஒன்றுதான், முகம் மாறினால் பாட்டே மாறுகிறது. ஓரத்தில் ஒட்டிய பழைய பிளாக்கால் இதைச் செய்ய முடியாது.

எழுதுகிற பக்கத்தில் குறை இல்லை. சாகித்ய அகாதெமி 2010இல் குழந்தை இலக்கியத்துக்குப் பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கத் தொடங்கியது. தமிழில் முதல் விருது ம. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்கு. பாட்டுப் புத்தகங்களும் வாங்கியிருக்கின்றன. 2011இல் ம.இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை', 2015இல் செல்ல கணபதியின் 'தேடல் வேட்டை', 2018இல் கிருங்கை சேதுபதியின் 'சிறகு முளைத்த யானை'. யானைக்குச் சிறகு! சுகோவ்ஸ்கி இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். எங்கள் மாவட்டத்துக்கும் 2021இல் ஒன்று வந்தது. வந்தவாசியில் வாழும் கவிஞர் மு. முருகேஷின் கதைத் தொகுப்பு, 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை'. தலைப்பிலேயே பாருங்கள், கதை சொல்வது அம்மா இல்லை, மகள்.

இருந்தும் எல்.கே.ஜி. குழந்தையிடம் ஒரு விலங்குப் பாட்டுப் பாடச் சொன்னால் பெரும்பாலும் வருவது கம்பளி கேட்கப்படும் கறுப்பு ஆடு, அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் வந்தால் யூடியூபில் கேட்டது. நாய்க்குட்டி ஆடும், பூனை ஆடும், எல்லாம் ஒரே மாதிரிப் பெரிய கண்ணோடு. எழுதியவர் பெயர் இருக்காது, வரைந்தவர் பெயர் இருக்கவே இருக்காது. ஒருகாலத்தில் எந்தப் பாட்டுக்கும் அலமாரியில் இருந்த பூனையைப் போட்டார்கள் இல்லையா, அதே பழக்கம்தான் இப்போது கணினியில் நடக்கிறது.

இதனால் இழப்பது என்ன என்று கேட்கலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் குரங்கு இருக்கிறது, மயில் இருக்கிறது, யாருடையது என்றே தெரியாத பசு நடுரோட்டில் படுத்திருக்கிறது. வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கும், பெரியவர் குச்சியை ஓங்குவார், குரங்கு அவர் கண்ணெதிரிலேயே உரித்துத் தின்னும். பார்க்கிற குழந்தை சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிடும். அந்தச் சிரிப்பு இந்த ஊருடையது. அதற்கு ஒரு பாட்டும், பெரியவரின் முகத்தையும் குரங்கின் முகத்தையும் சரியாகப் பிடித்த ஒரு படமும் கிடைத்தால், தான் பார்த்தது புத்தகத்தில் ஏறத் தகுந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். கிடைக்காவிட்டால், சிரிப்பான விலங்கெல்லாம் வேறு தேசத்தில், வேறு மொழியில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் காளமேகத்தின் குதிரையைச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் தாளும் கிரேயானும் கொடுங்கள். நீதி எதுவும் கேட்காதீர்கள். குதிரை முகம் எப்படி வருகிறது என்று மட்டும் பாருங்கள். தாளின் கீழே வரைந்தவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், மறக்காமல்.